"உடம்பு போட்டுட்டீங்களே" என்று கேட்பதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நம் பகுதியில் ஒரு பெண்ணைச் சில மாதங்கள் கழித்துக் கண்டால், சலாமுக்கும் சுகம் விசாரிப்புக்கும் அடுத்ததாக வாயில் வருவது அவளுடைய உடம்பைப் பற்றிய பேச்சுத்தான். "என்ன, நல்லா உடம்பு போட்டுட்டீங்களே?" இல்லாவிட்டால், "என்ன புள்ள, இப்படி மெலிஞ்சு போய்ட்டீங்க, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" கலியாண வீட்டிலும் இதுதான், மையித்து வீட்டிலும் இதுதான், ஹட்டன் பஸ் நிலையத்திலும் இதுதான். சொல்கிறவருக்கு அது அன்பு. கேட்கிற பெண்ணும் சிரித்து வைப்பாள். அடுத்த கலியாணத்துக்கு அவள் ஏன் வரவில்லை என்று யாரும் யோசிப்பதில்லை.

நாங்கள் ஒரு தோட்டப்புறப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியைகள். முஸ்லிம்களும் இருக்கிறோம், தமிழர்களும் இருக்கிறோம். ஒரே வேனில் காலையில் போய், பின்னேரம் வருகிறோம். எங்களில் பலர் கல்வியியற் கல்லூரியிலும் ஒன்றாக இருந்தவர்கள். இந்தப் பதிவில் எழுதியிருப்பது ஒருவருடைய கருத்து அல்ல. பல நாள் அந்த வேனுக்குள் பேசிப் பேசிச் சேர்ந்தது. அதனால்தான் "நாங்கள்" என்று எழுதுகிறோம்.

பேச்சு தொடங்கியது ஒரு தாய்மார் கூட்டத்துக்குப் பிறகு. அன்று மிட்வைஃப் மிஸ் நிறை பார்க்கும் இயந்திரமும் கொண்டு வந்திருந்தார். உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு பார்த்து, சீனி வருத்தம், பிரஷர் பற்றிச் சொல்லித் தருவதாக ஏற்பாடு. பிள்ளைகளுடைய நிறையைப் பார்க்கும்போது முன்வரிசையில் நின்ற தாய்மார், தங்கள் முறை வந்ததும் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். பருத்தவர்கள்தான் தயங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். எலும்பும் தோலுமாக இருந்த ஒரு தாயும் ஏறவே மாட்டேன் என்றார். "கொழுந்து நிறுக்கிற தராசு போதும் மிஸ், எங்கள நிறுக்க வேணாம்" என்று ஒருவர் பகிடியாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் ஏறவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பகிடியில் உண்மை இருக்கிறது. மலையில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தராசு புதிதல்ல. ஒரே நாளில் பல தடவை அவள் பறித்த கொழுந்து நிறுக்கப்படுகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிவு வேறு. தராசு என்றாலே யாரோ ஒருவர் தன்னைக் கணக்குப் பார்த்துக் குறை சொல்லப்போகிறார் என்பதுதான் அவளுடைய அனுபவம்.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒரு தாய் எங்களோடு நின்று பேசினார். அவர் சொன்னதை அவருடைய சம்மதத்தோடும், ஆள் தெரியாதபடி சில விபரங்களை விட்டும் எழுதுகிறோம். 11 வயதில் அவரைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டில் குசினி அலுமாரிக்குப் பூட்டு. மற்றவர்கள் சாப்பிட்டு மிஞ்சினால்தான் சாப்பாடு. மிஞ்சும் நாளும் உண்டு, மிஞ்சாத நாளும் உண்டு. கிடைக்கும்போது, யாரும் கூப்பிடுவதற்கு முன், நின்றுகொண்டே அள்ளி விழுங்கிப் பழகியிருக்கிறார். இன்று அவருக்கு 40 வயது. சொந்த வீடு, சொந்தக் குசினி, பூட்டு எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்கும் உட்கார்ந்து ஆறுதலாகச் சாப்பிட வராது. பிள்ளைகள் மிச்சம் வைத்ததைக் கொட்ட மனம் வராது. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் பக்கட் இல்லாவிட்டால் தூக்கம் வராது. "தின்னு தின்னு பெருத்துட்டேன்னு ஊரே சொல்லுது டீச்சர். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பயம் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

வேனில் அன்று நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் பேசினோம்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும்தானா என்று தேடினோம். உலகம் இதைப் பல வருடங்களுக்கு முன்னரே கண்டு எழுதி வைத்திருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற வைத்தியர் உடல் பருமனுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. நிறை குறையாதவர்கள் அல்ல, நன்றாகக் குறைந்துகொண்டு வந்தவர்களே இடையில் சிகிச்சையை விட்டுப் போனார்கள். ஏன் என்று அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். 286 பேருடைய வாழ்க்கையைக் கேட்டார். அவர்களில் பெரும் பகுதியினர் சிறு வயதில் பாலியல் துன்பத்துக்கு ஆளானவர்கள். அவர்களுக்கு அந்தப் பருமன் ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. உடம்பு பெருத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், தொட மாட்டார்கள் என்ற பாதுகாப்பு. நிறை குறையக் குறைய, ஆண்களின் பார்வை திரும்பி வர, அந்தப் பழைய பயமும் திரும்பி வந்திருக்கிறது. வைத்தியர் நோய் என்று நினைத்ததை அந்தப் பெண்கள் மருந்தாக வைத்திருந்தார்கள்.

பிறகு அவர் ரொபர்ட் அண்டா என்ற வைத்தியருடன் சேர்ந்து பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தார். 1998 இல் வெளியான அதன் முதல் கட்டுரை 9,508 பேரின் பதில்களைக் கொண்டது. சிறு வயதில் அடி, ஏச்சு, பாலியல் துன்பம், தாய் அடி வாங்குவதைப் பார்த்தது, வீட்டில் குடிகாரரோ, மனநோயாளியோ, சிறை சென்றவரோ இருந்தது என்று ஏழு வகைத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து பல மடங்கு. கடுமையான உடல் பருமனுக்கான ஆபத்து 1.4 முதல் 1.6 மடங்கு வரை.

இந்தக் கணக்கைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். பருத்த பெண்கள் எல்லோரும் சிறு வயதில் துன்பப்பட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளைப்பேறு, தைரொயிட், பரம்பரை, சில மருந்துகள், உட்கார்ந்து செய்யும் வேலை என்று காரணங்கள் ஏராளம். துன்பப்பட்டவர்கள் எல்லோரும் பருப்பதும் இல்லை. சிலர் சாப்பிடவே முடியாமல் மெலிந்து போகிறார்கள். நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பெண்ணின் உடம்பைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. அந்த உடம்பு எந்த வயதில், எந்த வீட்டில், எதற்குப் பயந்து இப்படி ஆனது என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது.

அந்த ஆய்வு கேட்காத கேள்விகளும் நம் மலையில் உண்டு. முதலாவது பசி.

1944 முடிவிலும் 1945 தொடக்கத்திலும், யுத்த காலத்தில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுக்கப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். அப்போது கர்ப்பமாக இருந்த தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளை விஞ்ஞானிகள் 50 வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய் பட்டினி கிடந்திருந்தால், அந்தப் பெண் பிள்ளைகள் 50 வயதில் மற்றப் பெண்களைவிட நிறை கூடியவர்களாக இருந்தார்கள். ஆண்களில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. 1999 இல் இது வெளியானது. கருவிலேயே பஞ்சத்தைக் கண்ட உடம்பு, கிடைப்பதையெல்லாம் சேர்த்து வைக்கும்படி பழகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

நமக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1973, 1974. உலகச் சந்தையில் எண்ணெயும் உணவும் விலை ஏறி, இங்கே கூப்பன் அரிசி குறைக்கப்பட்ட காலம். கிராமத்தில் இருந்தவர்களுக்கு மரவள்ளியாவது நட ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 1974 இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. அந்த வருடங்களில் கருவில் இருந்தவர்கள், கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று 50 வயதைத் தாண்டிய அம்மாயிமார், எங்கள் மாணவர்களின் பாட்டிமார். ஒரு பருக்கை சோறு கீழே விழுந்தால் அவர்கள் பதறுவதைப் பார்த்திருப்பீர்கள். அரிசிப் பானையின் அடியில் எப்போதும் ஒரு பிடி ஒதுக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலருக்கு இன்று இடுப்பில் சதை, இரத்தத்தில் சீனி. "வயசான காலத்துல வாய்க்கு ருசி தேடுது" என்று பேரப்பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 74 ஆம் ஆண்டின் கதையை யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது.

பசி 74 உடன் முடியவும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் அது ஏறத்தாழ 32 சதவீதம். சிறுத்த தாய்க்குச் சிறுத்த பிள்ளை. அந்தப் பிள்ளை கோதுமை மா ரொட்டியிலும் சீனி போட்ட தேத்தண்ணியிலும் வளர்கிறது. பிறகு அவள் மலையை விட்டுக் கடைக்கோ காமன்டுக்கோ வேலைக்குப் போய், நடை குறைந்து, சாப்பாடு மட்டும் அதே மாதிரி இருக்கும்போது உடம்பு போடுகிறது. உயரம் கூடாது, இடுப்பு கூடும். சிறு வயதில் கிடைக்காத சத்தும் பெரிய வயதில் கூடிய நிறையும் ஒரே பெண்ணின் உடம்பில் சேர்ந்திருக்கின்றன. ஊர் அதைப் பார்த்து "சோம்பேறி" என்கிறது.

இரண்டாவது, வெளிநாடு போன தாய். 1980களில் இருந்து நம் பெண்கள், தமிழரும் முஸ்லிம்களும், வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்பிய காசில் எத்தனையோ குடும்பங்கள் தலை நிமிர்ந்தன. அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பாட்டியோடும் சாச்சியோடும் வளர்ந்த பெண் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். உம்மா அனுப்பும் பெட்டியில் வரும் சொக்லேட்தான் சில பிள்ளைகளுக்கு உம்மாவின் மணம். மனம் கனக்கும்போதெல்லாம் இனிப்பைத் தேடும் பழக்கம் அங்கே தொடங்கினால், 30 வயதில் "கட்டுப்பாடு இல்லை" என்று அவளை ஏசி என்ன பயன்? தொடர்ந்து பயத்திலும் கவலையிலும் இருக்கும் உடம்பில் கோர்டிசோல் என்ற ஹோர்மோன் கூடுகிறது. அது பசியைக் கூட்டும், இனிப்பின் மேல் ஆசையைக் கூட்டும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்க உதவும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். பெண்ணின் மனவுறுதிக்கு அப்பால் உடம்புக்குள் நடக்கும் வேலை இது.

மூன்றாவது, பட்டப்பெயர். இதை எல்லோரும் சின்ன விசயம் என்று நினைக்கிறார்கள். மெலிந்த பிள்ளைக்கு "தீக்குச்சி", "கருவாடு". குண்டான பிள்ளைக்கு "பூசணிக்காய்", "பானை". கறுத்த பிள்ளைக்கு அதற்கும் ஒரு பெயர். வீட்டுக்குள்ளேயே, சொந்த வாப்பாவும் நாநாவும் மாமாவும் வைத்த பெயர்கள். அந்தப் பெயரோடு வளர்ந்த பெண் பிறகு எத்தனை கிலோ குறைந்தாலும் கூடினாலும் கண்ணாடியில் தெரிவது அந்தப் பெயர்தான். எங்கள் வேனிலேயே ஒருவர் இருக்கிறார். எல்லா அளவுகளின்படியும் சரியான நிறை. ஆனால் குழுப் படம் எடுத்தால் எப்போதும் மற்றவருக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பார். பத்து வயதில் குடும்பத்தார் வைத்த பெயரை இன்றும் எங்களிடம் சொல்ல மாட்டார்.

நான்காவது, சொல்லக் கூசும் விசயம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நெரிசலான பஸ்ஸில், டியூசன் வகுப்பில், சில நேரம் வீட்டுக்குள்ளேயே, பெண் பிள்ளைகள் மேல் படும் கைகள். திடீரென்று ஒரு பிள்ளை அதிகமாகச் சாப்பிடத் தொடங்கினாலும், சாப்பாட்டையே வெறுத்தாலும், குளிர் இல்லாத நாளிலும் ஜக்கெட்டைக் கழற்ற மறுத்தாலும், "வயசுக்கு வந்தா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு, அவசரப்படாமல் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள்.

இந்த வெட்கம் உயிருக்கே ஆபத்தாகும். நிறை பார்க்க வெட்கப்படும் பெண் கிளினிக்குக்குப் போவதில்லை. போகாவிட்டால் சீனி வருத்தம் தெரியாது, பிரஷர் தெரியாது, மார்பில் கட்டி இருந்தாலும் தெரியாது. தெரிய வரும்போது காலில் ஆறாத புண். இன்னொரு பக்கம், மெலிய வைக்கும் தேயிலை, மெலிய வைக்கும் பவுடர் என்று ஃபேஸ்புக்கில் வரும் விளம்பரத்துக்குச் சம்பளக் காசை அனுப்பி, வயிற்றுப்போக்கோடு படுத்த பெண்களை நாங்கள் அறிவோம். தேயிலை விளையும் மலையில் இருந்துகொண்டு, பெயர் தெரியாத தேயிலையைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கும் அளவுக்கு அந்த வெட்கம் துரத்துகிறது.

எங்கள் முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆயிஷா (ரழி) அவர்கள் ஸஃபிய்யா (ரழி) அவர்களின் உயரத்தைக் குறித்துக் குறைவாக ஒரு சொல் சொன்னபோது, அந்த ஒரு சொல் கடல் நீரையே மாற்றிவிடக் கூடியது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் பயானில் கேட்டிருக்கிறோம். உடம்பைப் பற்றிய ஒரு சொல்லுக்கே அவ்வளவு கனம். சூரத்துல் ஹுஜுராத்தில் கேலிக்கும் பட்டப்பெயருக்கும் தடை இருப்பதும் தெரியும். பெண் பார்க்கப் போகும் இடத்திலும் அது நினைவில் இருக்கட்டும். "புள்ள நல்லம், கொஞ்சம் உடம்புதான் கூட" என்று அந்தப் பிள்ளையின் காதில் விழச் சொல்லிவிட்டு வருவது சுன்னத் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய வேலை எதுவும் வேண்டாம்.

கண்டவுடன் உடம்பைப் பற்றிப் பேசுவதை விடுவோம். "சுகமா இருக்கீங்களா, பிள்ளைகள் எப்படி?" என்பது போதும். ஒரு பெண் தானாக அதைப் பற்றிப் பேசினால் கேட்போம், அறிவுரை சொல்ல அவசரப்பட வேண்டாம்.

வீட்டில் பட்டப்பெயரை இன்றோடு நிறுத்துவோம். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.

சாப்பாட்டைத் தண்டனையாக்க வேண்டாம். "படிக்காட்டி ராத்திரிச் சோறு இல்ல" என்று சொல்லாதீர்கள். தட்டைக் காலியாக்கும்படி அடிக்கவும் வேண்டாம். அழும் பிள்ளையின் வாயை இனிப்பால் அடைப்பதைவிட, மடியில் வைத்துக்கொள்வது நல்லது.

நிறை பார்க்கும்போது ஒரு திரை மறைவு இருக்கட்டும். எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் காட்டில் எழுதினால் போதும். அடுத்த கூட்டத்தில் மிட்வைஃப் மிஸ் அப்படியே செய்தார். ஒரு பழைய சேலையைக் கட்டி மறைப்பு வைத்தோம். செலவு ஒன்றுமில்லை. வந்த தாய்மாரில் அநேகமானோர் ஏறினார்கள். இரண்டு பேருக்கு அன்றுதான் பிரஷர் இருப்பது தெரிந்தது.

35 வயதைத் தாண்டிய பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். 1996 இல் இருந்து நடக்கிறது, இலவசம். சீனி, பிரஷர், மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள். நிறை குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், அது உங்கள் காலுக்கும் இருதயத்துக்கும் சொல்லப்படுவது. உங்கள் மதிப்புக்குச் சொல்லப்படுவதல்ல.

ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடப்பதாகத் தெரிந்தால் 1929. இது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பெண்களுக்கு 1938. மனம் தாங்க முடியாமல் இருந்தால் 1926. மூன்றையும் கைபேசியில் சேமித்து வையுங்கள்.

இன்னொன்றும் வாசித்தோம். அதுதான் எங்களுக்குத் தெம்பு தந்தது. துன்பப்பட்ட பிள்ளைகளில் நன்றாக மீண்டு வருபவர்களுடைய வாழ்க்கையில் பெரும்பாலும், விட்டுப் போகாத ஒரு பெரியவராவது இருந்திருக்கிறார். பாட்டியாக இருக்கலாம், சாச்சியாக இருக்கலாம், பக்கத்து லயத்து அக்காவாக இருக்கலாம், டீச்சராக இருக்கலாம். பணமும் படிப்பும் அதற்குத் தேவையில்லை. பிள்ளை வரும் நேரத்தில் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஆறுதலாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தால் அது ஒரு பெரிய காரியம்.

நம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட ஒருவராக நாம் ஒவ்வொருவரும் இருக்க அல்லாஹ் உதவி செய்வானாக. யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள். கீழே கருத்து எழுதுபவர்கள், தெரிந்த பெண்களின் பெயரையும் கதையையும் எழுத வேண்டாம். அவர்களுடைய கதையை அவர்கள் விரும்பினால் அவர்களே சொல்லட்டும்.